பழைய பேஸ்பால் கார்டுகளில் உங்கள் மனதுக்குப் பிடித்த தொகுப்பு எது, அதை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

பிட்ஸ்பர்க்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேஸ்பால் ஆட்டத்தின் விதிகள்கூட எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்த ஊர் அணிக்கு ஆடிய ராபர்ட்டோ கிளெமென்டேயின் பெயர் காதில் விழாமல் அந்த ஊரில் ஒரு வாரம்கூட இருக்க முடியாது. மைதானத்துக்குச் செல்லும் ஆற்றுப் பாலத்துக்கு அவர் பெயர். மைதானத்தின் வலப்புறச் சுவரை, அவருடைய சட்டை எண்ணை நினைவுபடுத்தும் விதமாக, 21 அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். நிலநடுக்கத்தால் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு 1972 டிசம்பர் 31 அன்று புறப்பட்ட விமானம் கடலில் விழுந்து அவர் இறந்ததை, அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் சொந்த வீட்டு இழவைப் போலச் சொன்னார். அவருடைய படம் அச்சிட்ட பேஸ்பால் கார்டு ஒன்றாவது என்னிடம் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

பழைய கார்டு என்றதும் எல்லோரும் டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட தொகுப்பைத்தான் காட்டுவார்கள். மொத்தம் 407 கார்டுகள். அதிலுள்ள மிக்கி மேன்டிலின் கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலை போனது. விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அதை உருவாக்கிய சை பெர்கரே சொல்லியிருக்கிறார். கதை சுவையானதுதான். ஆனால் நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதைப் போலப் பார்க்க வேண்டிய தொகுப்பின் மீது எனக்குப் பிரியம் வரவில்லை. சிகரெட் பெட்டிகளில் வைத்துத் தந்த, 1909 முதல் 1911 வரையிலான டி206 தொகுப்பும் அப்படியே. ஐந்நூறுக்கும் மேற்பட்ட அந்தச் சிறிய கார்டுகள் அழகானவை, ஆயினும் எங்கள் ஊர்க்காரரான ஹோனஸ் வாக்னரின் மிக அரிதான கார்டு இல்லாமல் அதை நிறைவு செய்ததாக மனம் ஒப்பாது.

எனக்குப் பிடித்தது எது என்பதற்கு விடை கிடைத்தது, தேவாலயக் கூடமொன்றில் நடந்த வார இறுதிக் கார்டுச் சந்தையில். காலணிப் பெட்டி நிறையக் கார்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், 1956ஆம் ஆண்டின் டாப்ஸ் கார்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். ஹேங்க் ஆரோனின் கார்டு அது. அகலவாட்டில் அமைந்த அட்டையில் ஒருபுறம் பெரிய முகம். அதன் பின்னணியில் சிறிய உருவமாக ஓர் ஆட்டக்காரர் புழுதியில் சறுக்கி வருகிறார். அந்தச் சிறிய உருவத்தை நன்றாகப் பார்க்கச் சொன்னார். அது ஆரோன் அல்ல, இன்னொரு ஆட்டக்காரரான வில்லி மேஸ்! மேஸின் புகைப்படத்தை எடுத்து, உடையை மட்டும் தூரிகையால் மாற்றியிருக்கிறார்கள். ஆரோனின் முகப்படமோ 1954, 1955, 1956 என மூன்று ஆண்டுகளும் அதே படம். இப்படி அவசரத்தில் செய்த கைவேலை தெரிவதாலேயே அந்தத் தொகுப்பு எனக்குப் பிடித்துப்போனது.

340 கார்டுகள் கொண்ட அதில் கிளெமென்டே 33ஆம் எண். அட்டையில் ‘ராபர்ட்டோ’ என்று அவருடைய சொந்தப் பெயரே இருக்கிறது. அடுத்த ஆண்டு முதல் 1969 வரை டாப்ஸ் அவரை ‘பாப்’ ஆக்கிவிட்டது. பெயரைச் சுருக்கிக் கூப்பிடும் அலுவலகங்களில் காலம் தள்ளும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஓர் ஏமாற்றத்தையும் சொல்ல வேண்டும். அதே தொகுப்பின் 30ஆம் எண், ஜாக்கி ராபின்சன், ஆடிக்கொண்டிருந்த காலத்தில் டாப்ஸ் வெளியிட்ட அவருடைய கடைசிக் கார்டு. மூலைகள் கூர்மையாக இருந்த ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்து, என்னிடமிருந்த சாதாரணக் கார்டு ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தேன். 3¾ அங்குல அகலம் இருக்க வேண்டிய இடத்தில் நகக்கண் அளவு குறைந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மூன்று ஓரங்கள் பழுப்பேறி மென்மையாகவும், நான்காவது ஓரம் மட்டும் நேற்று வெட்டியதைப் போல வெள்ளையாகவும் இருந்தன. தேய்ந்த மூலையை மறைக்க யாரோ பிளேடால் சீவியிருக்கிறார்கள். விற்றவர் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு, மூலை மழுங்கிய கார்டுகளைத்தான் நம்பி வாங்குகிறேன்.

மறுமொழி, நியூ ஜெர்சியிலிருந்து

நீங்கள் ஓவியத்தில் விழுந்தீர்கள். நான் புகைப்படத்தில் விழுந்தேன். 1953இல் டாப்ஸ் வீரர்களை வரைந்துகொண்டிருந்தபோது, போட்டி நிறுவனமான போமன் 160 கார்டுகளை உண்மையான வண்ணப் புகைப்படங்களாக வெளியிட்டது. முன்பக்கத்தில் பெயர், அணி, கையெழுத்து எதுவுமே கிடையாது. முகத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு முதலில் இது எரிச்சலாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கார்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெயரை மனப்பாடம் செய்தேன். பீ வீ ரீஸ் அந்தரத்தில் எம்பிப் பந்தை எறியும் 33ஆம் எண் கார்டைப் பார்த்த பிறகு எரிச்சல் போய்விட்டது. அதே ஆண்டு போமன் மேலும் 64 கார்டுகளைக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்டதால், இரண்டையும் சேர்த்தால்தான் முழுத் தொகுப்பா, வண்ணம் மட்டும் போதுமா என்று எங்கள் வட்டத்தில் இன்னும் வாதம் நடக்கிறது. நான் வண்ணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னொரு மறுமொழி

எனக்கு 1955ஆம் ஆண்டின் போமன். ஒவ்வொரு வீரரும் மரப்பெட்டித் தொலைக்காட்சிக்குள் நிற்பதைப் போல அமைத்திருப்பார்கள். எங்கள் தெருவுக்கு முதன்முதலில் வந்த டிவியின் சாயல் அதில் இருக்கிறது. ரசனை என்று பெரிதாக வேறெதுவும் இல்லை. பழுப்புச் சட்டகம் என்பதால் ஓரம் லேசாக உதிர்ந்தாலும் வெள்ளை தெரிந்துவிடும், நல்ல நிலையில் கிடைப்பது கடினம். மில்ட் பாலிங் கார்டின் பின்பக்கத்தில் அவருடைய தம்பி ஃபிராங்கின் விவரங்களை அச்சிட்டுவிட்டுப் பிறகு திருத்தினார்கள். என்னிடம் இரண்டு வடிவங்களும் உள்ளன. இந்தத் தொகுப்பில் நடுவர்களுக்கும் கார்டு உண்டு. ஆட்டமே ஆடாதவர்களுக்கா இவ்வளவு விலை என்று என் மனைவி கேட்டார். அவை கடைசி வரிசை எண்களில் வருகின்றன, அந்த வரிசை சந்தையில் குறைவாகவே கிடைக்கிறது என்று விளக்கினேன். 320இல் எனக்கு இன்னும் ஏழு பாக்கி. அதில் நான்கு பேர் நடுவர்கள்.