சின்ன டிரைலருக்குப் பக்கம் உயர்த்திய அனுபவம்

டிரைலரின் பக்கச் சுவரைப் பலகை வைத்து உயர்த்தலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்களுடையது ஜீப்புக்குப் பின்னால் மாட்டுகிற ஒற்றை அச்சு டிரைலர். தளம் 6 அடிக்கு 4 அடி, சுற்றிலும் ஓர் அடி உயரத் தகரம். பங்குனி உத்திரத்துக்குத் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்கும், பிள்ளைகளுக்கு லீவு விட்டால் உவரிக் கடற்கரைக்கும் போய் இரவு தங்குவோம். கூடாரம், பாய், சமையல் பாத்திரம், விறகு, தண்ணீர் டிரம் எல்லாம் ஓர் அடிக்குள் அடங்காது. கயிறு போட்டு எவ்வளவு இறுக்கினாலும் மேலே இருப்பது நழுவிக்கொண்டேதான் வரும்.

பட்டறையில், 1.6 மி.மீ தகட்டை அப்படியே மேலே வைத்து வெல்டு அடித்துவிடலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. அந்தத் தகடு சதுர மீட்டருக்கு 12 கிலோவுக்கு மேல் இருக்கும். 12 மி.மீ பிளைவுட் என்றால் சுமார் 8 கிலோதான். தேரி மணலில் சக்கரம் புதைந்து தள்ளியவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும். அதைவிட முக்கியம், வெல்டு அடித்துவிட்டால் வேண்டாதபோது கழற்ற முடியாது.

அதனால் மாட்டுவண்டியில் முளைக்குச்சி செருகித் தட்டி கட்டுகிற முறையையே எடுத்துக்கொண்டேன். 40 மி.மீ சதுரக் குழாயை ஓர் அடித் துண்டுகளாக வெட்டி, தகரத்துக்கு வெளிப்புறம் நெட்டுக்குத்தலாகப் பற்றவைத்தோம். நீளப் பக்கத்துக்கு மூன்று, முன்னால் இரண்டு. குழாயின் அடிப்பாகம் டிரைலரின் அடிச்சட்ட இரும்பை (சேனலை)ப் பிடித்திருக்க வேண்டும். வெறும் தகரத்தில் ஒட்டினால் பள்ளம் மேட்டில் தகரம் கிழிந்துவிடும். அந்தக் குழாய்க்குள் 32 மி.மீ குழாயை இறக்கி, குறுக்கே ஒரு பின் போட்டால் முடிந்தது. பலகை இந்த உள்குழாயில்தான் போல்ட் போட்டு நிற்கிறது.

8-க்கு 4 பிளைவுட் ஒன்று போதும். 6 அடிக்கு ஒன்றரை அடியில் இரண்டு நீளப் பலகை வெட்டினால், மிச்சத்தில் முன்பக்கத்துக்கு 4 அடிக்கு ஒன்றரை அடி கிடைத்துவிடும். பின்பக்கத்துக்குக் காணாது. அங்கே 25 மி.மீ குழாயில் சட்டம் அடித்து வெல்டு மெஷ் (கம்பிவலை) வைத்து, கீல் போட்டுக் கதவாக்கிக்கொண்டேன். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை பாருங்கள், அதுதான் தண்ணீர் தாங்கும் மரைன் பிளை. அதிலும் வெட்டின ஓரத்தில்தான் முதலில் ஈரம் ஏறும், ஓரத்துக்கு இரண்டு கோட் பெயிண்ட் கூடுதலாக அடியுங்கள். இரண்டு நீளப் பலகைகளுக்கும் நடுவே மேலாக ஒரு சங்கிலி மாட்டிவிட்டால் பக்கம் வெளியே பிதுங்காது.

அப்புறம் காற்று. நம் பக்கத்தில் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்கிற காற்று, பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் இடையில் நாற்கரச் சாலையை விலாவில் அடிக்கும். அங்கே இத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அடைத்த பலகை உயர உயர, காற்று பிடிக்கும் பரப்பும் கூடும். ஒன்றரை அடிக்கு மேல் வேண்டுமென்றால் மேல்பாதிக்கு மெஷ் போடுங்கள், பலகை வேண்டாம். காலி டிரைலரை ஓட்டி வரும்போது ஆட்டம் இன்னும் அதிகம். பலகைகளைக் கழற்றித் தளத்தில் படுக்க வைத்துக்கொண்டு வருவதுதான் எங்கள் வழக்கம்.

பக்கம் உயர்ந்தது கனத்தை மேலே ஏற்றுவதற்கல்ல. 200 லிட்டர் டிரம் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. அது தளத்தில், அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு ஜீப்பில் மாட்டுகிற கொக்கியின்மேல் விழுந்தால் வண்டி நேராக வரும். பாய், தலையணை, கூடாரத்துணி மட்டும் மேலே. இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் டிரைலரும் மோட்டார் வாகனம்தான். நிரந்தரமாக மாற்றுவதாக இருந்தால், வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய 52-ஆவது பிரிவு வருகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

* * *

(படித்த ஒருவர் எழுதியது) அண்ணாச்சி, காற்றைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆடி மாசம் காவல்கிணறு விலக்குக்குக் கொஞ்சம் முன்னால், மூன்றடி உயரம் பலகை அடைத்த ஒரு டிரைலர் எங்களுக்கு முன்னே போனது. மேலே தார்ப்பாய் உப்பிப்போய் நின்றது. திடீரென்று வால் இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்துவிட்டது. ஓட்டினவர் நல்ல நிதானக்காரர். பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கை வெட்டவில்லை, ஆக்சிலேட்டரை மட்டும் விட்டார். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. ஓரம் கட்டினதும் நாங்களும் இறங்கிப் பார்த்தோம். அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் கடைசி மூலையில் கிடந்தன. எல்லாரும் சேர்ந்து முன்னால் மாற்றி, தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டிக் கொடுத்தோம். அதற்கப்புறம் நாகர்கோவில் வரைக்கும் பின்னாலேயே வந்தோம், ஆட்டமே இல்லை.

* * *

(இன்னொருவர் எழுதியது) எங்களுக்கு உவரிப் பக்கம். கடற்கரையில் நிறுத்துகிறவர்கள் அந்தச் செருகுகுழாயின் அடியை மூடிவிடாதீர்கள். உப்புத் தண்ணீர் உள்ளே நின்றால் வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே குழாய் உள்ளுக்குள் அரித்துவிடும். எங்கள் மாமா டிரைலரில் அப்படித்தான் ஒரு குழாய் கையோடு வந்துவிட்டது. அடி திறந்திருக்கட்டும், ஜிஐ (துத்தநாகம் பூசிய) குழாயாக இருந்தால் இன்னும் நல்லது. ஊருக்குத் திரும்பினதும் நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். பின்கதவைக் கீழே மடக்கும்போது சிவப்பு விளக்கையும் நம்பரையும் மறைக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சந்தேகம் அண்ணாச்சி: 40-க்குள் 32 என்றால் கடகடவென்று சத்தம் வராதா?

* * *

(என் பதில்) சத்தம் வரும், தம்பி. பழைய சைக்கிள் டியூபைக் கீறி, உள்குழாயின் அடியில் ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். சத்தம் நின்றுவிடும், கழற்றவும் சிரமமில்லை.