டைஆக்சைடுல டை இருக்கு, மெக்னீசியம் குளோரைடுல ஏன் இல்ல?

சுங்கை சிப்புட் மாணவி:
அக்கா அண்ணா யாராச்சும் சொல்லுங்களேன், படிவம் 4 கெமிஸ்ட்ரில பேர் வைக்கிற பாடம் ஓடுது, கார்பன் டைஆக்சைடுக்கு டை போடுறோம், மெக்னீசியம் குளோரைடுலயும் ரெண்டு குளோரின் இருக்கே, அங்க ஏன் போடல?

பால்மரம்:
உலோகம் இருக்கான்னு முதல்ல பாரு தங்கச்சி. மெக்னீசியத்தோட மின்சுமை 2+, குளோரைடோடது 1-, அதனால ரெண்டு குளோரைடுதான் சேர முடியும், எண்ணிக்கை சொல்லவே வேணாம். ரெண்டும் அலோகம்னா அப்படி இல்ல, நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் மட்டுமே என்ஓ, என்ஓ2, என்2ஓ, என்2ஓ4ன்னு பல விதமா சேரும், எண்ணிக்கை சொல்லாட்டி எதுன்னே தெரியாது. கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும், டைஆக்சைடு நாம வெளிய விடுற மூச்சுல இருக்கு, அந்த எண்ணிக்கை மாறினா ஆபத்து லா.

டியூஷன் அக்கா:
இன்னொண்ணு, முதல்ல வர்ற தனிமம் ஒண்ணே ஒண்ணுன்னா மோனோ போடாத. என்2ஓ4 டைநைட்ரஜன் டெட்ராக்சைடு. தண்ணி, அம்மோனியா மாதிரி பழைய பேர்களுக்கு இந்த ரூல் கிடையாது, அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோ. ரப்பர் பால் உறையாம இருக்க ஊத்துறாங்களே, அதே அம்மோனியாதான்.

சுங்கை சிப்புட் மாணவி:
அப்ப பிசிஎல்5 பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு, சரியாக்கா?

டியூஷன் அக்கா:
கரெக்ட் மா. அடுத்து எஸ்எஃப்6 எழுதிப் பாரு.