தினமும் நடந்தும் தள்ளாட்டம் குறையவில்லை: சமநிலைக்குத் தனிப் பயிற்சி உண்டா?

வைகைக்கரை:
வணக்கம். என் அம்மாவுக்கு வயது 74. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. காலையும் மாலையும் மொட்டை மாடியில் தவறாமல் நடக்கிறார். ஆனாலும் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்பும்போதும், பூஜை அறை நிலைப்படியைத் தாண்டும்போதும், கண்ணை மூடிக்கொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் தள்ளாடுகிறார். இதுவரை விழவில்லை, சுவரையோ கதவையோ பிடித்துச் சமாளித்துவிடுகிறார். நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு ஓரிடத்தில் உட்காரட்டும் என்பது தம்பியின் கருத்து. நடையை இன்னும் கூட்டலாமா, அல்லது சமநிலைக்கென்று தனிப் பயிற்சி இருக்கிறதா என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இயன்முறைக்காரன்:
தாங்கள் எழுதியவற்றில் குளியலறைச் செய்தியைத்தான் நான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். நிமிர்ந்து நிற்பதற்குக் கண், உட்செவி, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றிடமிருந்தும் மூளை தகவல் பெறுகிறது. சர்க்கரை நோய் பாத நரம்புகளை மழுங்கடித்திருந்தால், அந்தக் குறையைக் கண் ஈடுகட்டிக்கொண்டிருக்கும். கண்ணை மூடியதும் அந்த ஈடும் போய்விடுவதால் உடல் சாய்கிறது. எனவே தொடுவது தெரிகிறதா என்று பாதத்தில் அழுத்திப் பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் நைலான் இழையாலும், அதிர்வு தெரிகிறதா என்று வைத்துப் பார்க்கும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் பாத உணர்வைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். படுத்த நிலையிலும், எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மருந்துகளை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று கொள்வது வழக்கம்.

நடை சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது. ஆனால் சமதளத்தில் நேராக நடக்கும்போது, சாய்ந்த உடலை நிமிர்த்தும் வேலை உடலுக்கு அதிகம் வருவதில்லை. பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், சமநிலைப் பயிற்சியும் அன்றாட அசைவுகளை ஒட்டிய பயிற்சியும் விழுவதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தன; நடை மட்டுமே குறைக்கும் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சித் திட்டம் வீட்டிலேயே செய்யத்தக்கது. கணுக்காலில் எடை கட்டிக் கால் தசைகளை வலுப்படுத்துவதும் சமநிலைப் பயிற்சியுமாக வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் வீதம் செய்ய வேண்டும்; நடை தனி.

சமையல் மேடைக்கு முன்னால் நின்று தொடங்கலாம். முதலில் பாதங்களைச் சேர்த்து நிற்பது, அடுத்து ஒரு பாதத்தைப் பாதியளவு முன்தள்ளி நிற்பது, பிறகு ஒரு குதிகால் மறு காலின் விரல்நுனியைத் தொடும்படி நிற்பது, கடைசியில் ஒற்றைக் காலில் நிற்பது. ஒன்றில் 10 வினாடி நிற்க முடிந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். மேடையை முதலில் இரு கைகளாலும், பிறகு ஒரு கையாலும், பிறகு விரல்நுனியாலும் தொட்டுக்கொள்ளலாம். சிறிதும் ஆடாமல் நிற்க முடிகிறதென்றால் அந்தப் படி அவருக்குப் பயிற்சியே அன்று; சற்றே ஆடி, தானே நிமிர வேண்டும். அருகில் ஒருவர் நிற்பது கட்டாயம். கண்ணை மூடிச் செய்யும் பயிற்சியை வீட்டில் முயல வேண்டாம்.

பொன்னி:
என் மாமனாருக்கும் தள்ளாட்டம் என்றுதான் மாதக்கணக்கில் காலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படுக்கையில் புரளும்போது அறையே சுழல்வதாக அவர் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. உட்செவியில் சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்ததால் வந்த சுற்றல் அது. தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிப் படுக்கவைக்கும் எப்லி முறையில் அடங்கிவிட்டது. அம்மாவுக்குத் தலை சுற்றுகிறதா, கால் மட்டும் தடுமாறுகிறதா என்று பிரித்துக் கேளுங்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. அம்மாவுக்குச் சுற்றல் இல்லை. நின்றால் இரத்த அழுத்தமும் இறங்கவில்லை. ஆனால் இரு கால்களிலும் விரல்களின் அடியில் இழை பட்டது தெரியவே இல்லை. எழுந்து நடந்து உட்கார 17 வினாடி ஆகிறது. கைப்பிடியை ஊன்றாமல் எழவும் முடியவில்லை. கெட்ட நரம்பு மீளாது என்றால் பயிற்சியால் என்ன பயன்? வீட்டுக்குள் வெறுங்காலோடுதான் இருக்கிறார், அது சரியா?

இயன்முறைக்காரன்:
நரம்பைப் பயிற்சி மீட்காது. ஆனால் விழாமல் காப்பது உணர்வு மட்டுமன்று. கணுக்கால், இடுப்புத் தசைகளின் வலுவும், உடல் சாயும்போது சட்டென்று ஓர் அடி எடுத்துவைக்கும் விரைவும் அதில் உண்டு. இவ்விரண்டும் எழுபது கடந்தவர்களிடமும் பயிற்சியால் கூடுகின்றன. உட்கார வைத்துவிட்டால் தொடைத் தசைதான் மெலியும். தங்கள் தம்பியின் யோசனை அக்கறையில் பிறந்ததாயினும் கேடே செய்யும். ஆகவே எழுந்து உட்காருவதிலிருந்தே தொடங்குங்கள். இருக்கையில் போர்வையை மடித்துப் போட்டு உயர்த்தி, கையூன்றாமல் எழப் பழக்கி, உயரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். பிறகு மேடையை ஒட்டிப் பக்கவாட்டில் நடப்பதையும், எட்டு வடிவில் நடப்பதையும் சேர்க்கலாம். திரும்பும்போது உடலைத் திருகாமல் சிறு சிறு அடிகளாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து கூப்பிடுவதை வீட்டார் விட்டுவிடுவதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

உணர்விழந்த பாதத்துக்கு வெறுங்கால் ஆகாது. பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்ணறை ரப்பர்) செருப்பை வீட்டுக்கென்றே தனியாக வாங்கிக் கொடுத்து, பூஜை அறைக்குள் மட்டும் கழற்றினால் போதும் என்றால் பெரியவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். குளியலுக்கு வழுக்காத ஸ்டூலும் சுவரில் கைப்பிடியும் உடனே வேண்டும். பயிற்சி பலன் தரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்சுலின் போடுபவராக இருந்தால், பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்; சர்க்கரை இறங்கினாலும் இதே தள்ளாட்டம்தான் வரும்.