வடிகான் வாயில் வலை கட்டினால் திருகோணமலைக் கடல் சுத்தமாகுமா?

உப்புவெளியான்:
நகரத்து வடிகான்கள் டச்சு விரிகுடாவிலும் உள்துறைமுகத்திலும் விழும் இடங்களில் வலைக்கூண்டுகள் பொருத்த வேண்டும் என்பது என் முன்மொழிவு. வாடை மழை தொடங்கினால் பொலித்தீன் பைகளும் யோகட் கோப்பைகளும் கரையெங்கும் ஒதுங்குகின்றன. செலவு குறைந்த வழி இதுவே; பலனும் மறுநாளே தெரியும்.

கரைவலை:
கண்ணுக்குத் தெரிவதைத்தான் வலை பிடிக்கும். கராஜ் வாசலில் சிந்திய ஒயில், பிரேக் தேய்ந்த தூள், மீன் கழுவிய தண்ணீர், மலக்குழியிலிருந்து களவாகக் கானுக்குள் இறக்கிய குழாயின் கழிவு எல்லாம் வலைக்கண் வழியே தடையின்றிக் கடலுக்குப் போகும். மாதக்கணக்கான வெயிலில் வீதியில் படிந்த அழுக்கின் பெரும்பங்கை ஒக்டோபரின் முதல் மழைகளே வழித்துக்கொண்டு போவதால், செப்டெம்பர் முடிவதற்குள் கான்களைத் தூர்வாரி, கராஜ்களிலும் உணவகங்களிலும் எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. வாரிய சேற்றைக் கான் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போகும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அடுத்த மழையில் அது மறுபடி உள்ளேதான் விழுகிறது.

உப்புவெளியான்:
பார்ப்பது யார்? தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, வாகனச் சேவை நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரமும் கட்டாயம். ஆனாலும் கான் தண்ணீர் கறுப்பாகவே ஓடுகிறது. வலைக்கு யாருடைய மனமாற்றமும் தேவையில்லை.

மணல்வளவு:
இருவரும் கடல் வாயையே பார்க்கிறீர்கள். மழைநீரை வளவுகளிலேயே ஊறவிட்டால் கானுக்கு வரும் தண்ணீரே குறையுமல்லவா?

கரைவலை:
கூரைத் தண்ணீரைத் தாராளமாக ஊறவிடலாம், தம்பி. வீதித் தண்ணீரை அப்படி விடக்கூடாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் அது விரைவாக இறங்கி, நாம் குடிக்கும் கிணற்றையே சேரும். கடலைக் காப்பாற்றப் போய்க் கிணற்றைக் கெடுப்பதில் என்ன இலாபம்?

உப்புவெளியாருக்கு ஒன்று: நிலம் சூழ்ந்த உள்துறைமுகத்தில் தண்ணீர் மாறுவது திறந்த கடலைப்போல் விரைவானதல்ல, ஆகவே அங்கே எண்ணெயும் சேறும் தங்கிவிடும், வலை அதற்கு மருந்தாகாது. குப்பைக்கு மட்டும் என்றால் வலை இருக்கட்டும். ஆனால் கூண்டு நிரம்பி அடைத்தால் தண்ணீர் திரும்பித் தாழ்ந்த ஒழுங்கைகளிலுள்ள வீடுகளுக்குள்தான் ஏறும். விடாமழை பெய்யும் நள்ளிரவில் அதைத் திறந்து வெறுமையாக்கும் பொறுப்பு எவருடையது என்பதை முன்மொழிவில் எழுதுங்கள். எழுதினால் நானும் ஆதரிக்கிறேன்.