புதுப்பிப்பு: இரவுச் சோறு பற்றிக் கேட்டிருந்தேனே

இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 வந்ததும், இரவுச் சாப்பாட்டை எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தேன். இப்போது 5.8. இயல்பு அளவுக்கு வர இன்னும் 5.7-க்குக் கீழே போக வேண்டும், ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது.

பலர் கேழ்வரகுக் கூழ் சொன்னீர்கள். மாவைக் கூழாகக் காய்ச்சினால் அதுவும் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றுகிறது. எனக்குக் கைகொடுத்தது சாப்பிடும் வரிசைதான்: முதலில் பொரியலும் சுண்டலும், கடைசியில் ஒரு கரண்டி சோறு. நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும். வயிறும் சீக்கிரம் நிறைகிறது.

எடை கொஞ்சம்தான் இறங்கியது. இடுப்புச் சுற்றளவு நன்றாகக் குறைந்திருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம்.

அப்புறம், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்காதீர்கள். சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம்.