நானே செய்த வைஸ் கிறிப் ஒரு தடிப்பில் மட்டும் பூட்டுகிறது, ஏன்?

கொக்குவில் கேற்காரன்:

அண்ணைமாருக்கு வணக்கம். கொக்குவிலில் வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் வெல்டிங் வேலை செய்கிறேன். கேற், யன்னல் கிறில், இடைக்கிடை தண்ணீர்த் தாங்கிக்குக் கால். சட்டம் கூட்டும்போது மூலைக்கு ஒன்றாக நாலு வைஸ் கிறிப் (கவ்விய இடத்தில் தானாகப் பூட்டி நிற்கும் குறடு) தேவை. கையில் இருப்பது ஒன்றுதான். ஸ்ரான்லி வீதியில் விலை கேட்டுவிட்டு, மற்றதை நானே செய்வோம் என்று வெறுங்கையோடு திரும்பினேன்.

6 மில்லிமீற்றர் பட்டை இரும்பில் வெட்டினேன். ஆணிகளுக்கு 8 மில்லிமீற்றர் போல்ற். மேற்கையின் (மேல் கைபிடியின்) வாலில் நட் ஒன்றை ஒட்டி, 10 மில்லிமீற்றர் போல்றைத் திருகாக விட்டேன். ஸ்பிறிங் பழைய மோட்டார் சைக்கிள் ஸ்ராண்டில் கழற்றியது. கீழ்க்கையையும் திருகு நுனியையும் ஒரு தண்டு சேர்க்கிறது. கீழ்க்கையில் வாய் ஆணிக்கும் தண்டு ஆணிக்கும் இடையில் 40 மில்லிமீற்றர். தண்டின் நீளமும் 40. கடைச் சாமானில் கீழ்க்கைக்குள் ஒரு நாக்கு இருக்கும், அழுத்தினால் பூட்டு விடும். அது செய்யக் கரைச்சல் என்று விட்டுவிட்டேன். கீழ்க்கை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு மேற்கையில் ஒரு குட்டித் துண்டு ஒட்டியிருக்கிறேன், அதில் வந்து முட்டும்.

1 அங்குல பொக்ஸ் பாரைப் பிடித்தால் டக் என்று பூட்டும். ஆள் தொங்கலாம். அதே சாமானில் 6 மில்லிமீற்றர் பட்டையைப் பிடித்தால் டக் என்ற சத்தம் வரும், ஆனால் பட்டை வாய்க்குள் கிலுகிலுக்கும். 2 அங்குல பொக்ஸ் பாரில் சத்தமே இல்லை, கையை விட்டதும் கீழ்க்கை துள்ளி விழும். ஒவ்வொரு முறையும் திருகைச் சரிபார்த்துத்தான் பிடிக்கிறேன். எங்கே பிழை?

சாளி மெக்கானிக்:

ஓட்டை லூஸ். 8 போல்றுக்கு எத்தனையில் துளைத்தீர்கள்? எட்டரை என்றால் மூன்று ஆணியிலும் சேர்த்து ஒன்றரை மில்லிமீற்றர் ஆட்டம். புஷ் (ஓட்டைக்குள் இறுக்கும் சின்னக் குழாய்) அடித்துப் பாருங்கள்.

கொக்குவில் கேற்காரன்:

எட்டரைதான். ஆனால் லூஸ் என்றால் 1 அங்குலத்திலும் பிடிக்கக் கூடாதே?

ஸ்காபரோ சுதுமலையான்:

கேள்விக்குப் பதில் தெரியாது, கதை தெரியும். இதைக் கண்டுபிடித்தவரும் ஒரு கொல்லர்தான். வில்லியம் பீற்றர்சன் என்று, டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா போய் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிவிற் என்ற சின்ன ஊரில் பட்டறை வைத்திருந்தவர். 1921இல் அவர் எடுத்த முதல் காப்புரிமையில் பூட்டும் கை கிடையாது. அது 1924இல்தான் வந்தது. நீர் செய்யாமல் விட்ட அந்த நாக்கு 1957இல் சேர்ந்தது. ஆகவே நாக்கில்லாமல் செய்ததற்கு வெட்கப்பட வேண்டாம். வைஸ் கிறிப் என்பது அவர்களுடைய மார்க்கின் பெயர், நாங்கள் எந்த மார்க்கையும் அப்படித்தான் சொல்கிறோம். கப்பலில் வேலை செய்த என் பெரியப்பா மட்டும் மோல் கிறிப் என்பார், அது இங்கிலாந்துப் பெயர்.

சீமெந்து பிற்றர்:

தம்பி, நீர் எழுதிய மூன்று அளவிலேயே பதில் இருக்கிறது. மெல்லியதில் பூட்டித் தளர்கிறது, நடுவில் பிடிக்கிறது, தடித்ததில் பூட்டவே இல்லை. ஓட்டை லூஸ் என்றால் இப்படி ஒழுங்காக வரிசையில் வராது.

முதலில் பூட்டு என்றால் என்ன என்று பாரும். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போது பின்னால் நிற்பவன் தன் முழங்காலால் எங்கள் முழங்காலின் பின்பக்கம் இடிப்பான், நாங்கள் பொத்தென்று மடங்குவோம். நிமிர்ந்து நிற்கும் கால் இரண்டு ஆள் பாரத்தையும் தாங்கும். ஏனென்றால் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்கின்றன, முழங்கால் பின்பக்கம் ஒரு மயிரிழை போய்த் தானாகவே முட்டி நிற்கிறது. பாரம் கூடக் கூட இன்னும் இறுகும். பின்னாலிருந்து ஒரு சின்னத் தட்டு அந்தக் கோட்டைத் தாண்ட வைத்தால் எல்லாம் போச்சு. குறட்டில் இருக்கும் நாக்கு செய்வதும் அந்தப் பெடியன் செய்த வேலைதான்.

குறட்டில் இடுப்பு என்பது கீழ்வாயையும் கீழ்க்கையையும் கோக்கும் ஆணி. முழங்கால் என்பது கீழ்க்கையில் தண்டு தொங்கும் ஆணி. கணுக்கால் என்பது தண்டின் மற்ற முனை திருகின் நுனியில் குந்தும் இடம். கையை அழுத்த அழுத்த முழங்கால் ஆணி மேற்கைப் பக்கம் ஏறி, மற்ற இரண்டுக்கும் இடையில் உள்ள கோட்டைத் தாண்டுகிறது. தாண்டியபின் வாயின் எதிர்ப்பு அதைத் திறக்கப் பார்க்காது, இன்னும் உள்ளே தள்ளும். அங்கே ஒரு முட்டு இருந்தால் பூட்டு.

எவ்வளவு தாண்டலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உமது 40க்கு 40ஐ வைத்துக் கணக்குப் போட்டேன். முழங்கால் கோட்டிலிருந்து 10 மில்லிமீற்றர் விலகியிருக்கும்போது, இரு முனைகளுக்கும் இடைத்தூரம் நேராக நிற்கும்போது இருப்பதைவிட 2.5 மில்லிமீற்றர் குறைவு. 5 விலகலில் 0.6. 2 விலகலில் 0.1. 1 விலகலில் 0.025, கடதாசித் தடிப்புக்கும் குறைவு. அதனால்தான் கடைசி இரண்டு மில்லிமீற்றரில் கை கொஞ்சம் அசைந்தாலும் வாய் அரக்காது, ஆனால் இறுக்கம் எக்கச்சக்கமாக ஏறும். ஆனால் மற்றப் பக்கமும் இதே கணக்குத்தான். 1 தாண்டி நின்றால் இழப்பு ஒன்றுமில்லை. 6 தாண்டிப் போனால் இடைத்தூரம் 0.9 திரும்பிக் குறைந்துவிடும், அந்தளவுக்கு வாயும் இளகும். உமது 6 மில்லிமீற்றர் பட்டை கிலுகிலுப்பது இதனால். டக் என்ற சத்தம் கோட்டைத் தாண்டியதற்கு அடையாளம், பிடித்ததற்கு அடையாளம் அல்ல.

சரி, ஏன் ஒரு தடிப்பில் அளவாக, ஒரு தடிப்பில் கூட, ஒரு தடிப்பில் குறைவாக? நீர் முட்டுத் துண்டை மேற்கையில் ஒட்டியிருக்கிறீர். பிழை அதுதான். வாய் விரியும்போது கீழ்வாய் தன் ஆணியைச் சுற்றித் திரும்புகிறது, இடுப்பு ஆணி பின்னுக்கும் மேலுக்கும் போகிறது. அதோடு கோடும் மேற்கைக்குக் கிட்ட வருகிறது. 2 அங்குலத்தில் கோடு அவ்வளவு மேலே போய்விட்டதால், முழங்கால் அதை எட்டுமுன் கை உமது குட்டித் துண்டில் முட்டிவிடுகிறது. மெல்லிய பட்டையில் கோடு கீழே கிடக்கிறது, கை முட்டுமுன் முழங்கால் எங்கோ தாண்டிப் போய்விடுகிறது. 1 அங்குலத்தில் பிடித்தது அதிர்ஷ்டம். அந்த அளவை வைத்துத்தான் குட்டித் துண்டை ஒட்டியிருப்பீர் என்று நினைக்கிறேன்.

முட்டு இருக்க வேண்டிய இடம் தண்டுக்கும் கீழ்க்கைக்கும் இடையில். அந்த இரண்டும் முழங்கால் ஆணியில் சந்திக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான கோணம் மாறாவிட்டால், வாய் எவ்வளவு விரிந்தாலும் கோட்டைத் தாண்டும் அளவு ஒன்றே. கடைச் சாமானில் தண்டின் முதுகு கீழ்க்கைக்குள்ளேயே முட்டி நிற்கிறது. மடித்த தகட்டுக்குள் ஒளிந்திருப்பதால் கழற்றினாலும் கண்ணில் படாது. சந்தேகம் என்றால் உம்மிடம் இருக்கும் நல்லதை எடுத்து ஒரு தடவை மெல்லிய பட்டையில், ஒரு தடவை தடித்த பைப்பில் பூட்டிப் பாரும். தடித்ததில் இரண்டு கையும் கிட்ட நிற்கும், மெல்லியதில் தள்ளி நிற்கும். கை எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி அந்தச் சாமானுக்குக் கவலையே இல்லை.

சாளி மெக்கானிக் தம்பி சொன்ன லூசும் பொய்யில்லை, ஆனால் அது வேறு வருத்தம். அழுத்தம் ஏறும்போது ஆணிகள் எல்லாம் ஓட்டையின் ஒரு பக்கத்தில் போய்க் குந்திவிடும், அந்த நீள வித்தியாசத்தைத் திருகு சரிக்கட்டும். லூஸ் பக்கவாட்டில்தான் பழிவாங்கும். வாய் சரிந்து பொக்ஸ் பாரின் விளிம்பில் கடிக்கும், சட்டம் மூலைமட்டத்துக்கு நிற்காது. போல்றின் புரி ஓட்டைக்குள் உரசினால் இன்னும் கெதியாகத் தேயும். புரியில்லாத கழுத்து நீளமான போல்ற் வாங்கி, ஓட்டைக்குள் கழுத்து மட்டும் நிற்கும்படி போடும்.

நான் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் பிற்றராக இருந்தவன், 1990இல் அது நிற்கும் வரைக்கும். அந்த நாளில் வாங்கிய 10 அங்குலக் குறடு இன்னும் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் கடைசியில் ஊரே சண்டைக்குப் பயந்து தென்மராட்சிப் பக்கம் எழும்பியபோது என் சைக்கிளின் சீற் தண்டுப் போல்ற் நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட முறிந்தது. சீற்றுக்குக் கீழே தண்டைக் கவ்விப் பூட்டி, பின் கரியரில் அம்மாவை வைத்துச் சாவகச்சேரி வரை உருட்டியும் ஓடியும் போனேன். அந்தச் சனத்துக்குள் நூறு பேராவது என் முதுகோடு இடித்திருப்பார்கள். கை துள்ளவில்லை. தொடையில் அது இடித்த தழும்புதான் மிச்சம்.

கொக்குவில் கேற்காரன்:

ஐயா, குட்டித் துண்டை 1 அங்குல பொக்ஸ் பாரை வைத்துத்தான் ஒட்டினேன். பக்கத்தில் நின்று பார்த்தது போலச் சொல்லிவிட்டீர்கள். கடைச் சாமானையும் பூட்டிப் பார்த்தேன், கை நீங்கள் சொன்னபடிதான் தள்ளியும் கிட்டவும் நிற்கிறது. இத்தனை வருடம் பிடித்தும் கவனிக்கவில்லை.

முட்டுத் துண்டை எப்படி அளந்து வைப்பது? ஒரு மில்லிமீற்றரைப் பட்டறையில் எப்படிப் பிடிப்பேன்?

சீமெந்து பிற்றர்:

அளக்க வேண்டாம், நூல் பிடியும். இடுப்பு ஆணியின் நடுவிலிருந்து தண்டு குந்தும் திருகு நுனி வரை தையல் நூலை இழுத்துப் பிடித்தால் அதுதான் கோடு. முழங்கால் போல்றின் தலையில் நடுப்புள்ளி குத்தி வையும். குட்டித் துண்டை மேற்கையிலிருந்து கிறைண்டரால் வெட்டி எடும். அதே துண்டைத் தண்டின் முதுகில் ஒட்டும், கொஞ்சம் உயரமாகவே. இப்போது முழங்கால் நூலை எட்டுமுன் முட்டும். பிறகு அரத்தால் தேய்த்துத் தேய்த்து, புள்ளி நூலைத் தாண்டி மேற்கைப் பக்கம் மட்டுமட்டாகத் தெரியும் வரை இறக்கும். கூடத் தேய்த்துவிட்டால் ஒரு சொட்டு வெல்டிங் வைத்துத் திரும்பத் தேயும். ஒட்டும்போது ஸ்பிறிங்கைக் கழற்றி வையும், சூடு பட்டால் அது செத்த புழு.

நாக்கு இல்லாததால் திறக்க நீர் ஸ்குரூ டிறைவரைக் கொடுத்து நெம்புகிறீராக்கும். ஒரு மில்லிமீற்றரில் நிறுத்தினால் இரண்டு கையால் விரித்தாலே விடும். 1957க்கு முன்னம் எல்லாரும் அப்படித்தான் திறந்திருப்பார்கள். விரலை மட்டும் நடுவில் வைக்காதேயும், துள்ளும்.

இன்னொன்று. இறுக்கம் போதாது என்று பூட்டிய நிலையில் திருகைத் திருக வேண்டாம். திறந்து, கால் சுற்று திருகி, திரும்பப் பூட்டும். வெல்டிங் பொறி திருகுப் புரியில் ஒட்டினால் பிறகு அசையாது, கிறீஸ் பூசி வையும். இறைப்பு மெசின் நட்டுக்கு இதைக் கொடுக்கிற ஆட்களிடமும் கவனம். தோட்டத்துக்கு இரவல் போன என் இரண்டாவது குறடு நட்டின் ஆறு முகத்தையும் வட்டமாக்கிவிட்டுத்தான் திரும்பி வந்தது.

சாளி மெக்கானிக்:

ஐயா சொன்ன பக்கவாட்டு ஆட்டம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புஷ் அடிக்கச் சொன்னதும் பிழையில்லை எண்டு பதிந்து வையுங்கோ.

கொக்குவில் கேற்காரன்:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. முதல் சாமானில் முட்டுத் துண்டைக் கூடத் தேய்த்து இரண்டு தடவை வெல்டிங் வைத்தேன். இப்போது 6 மில்லிமீற்றர் பட்டை, 1 அங்குலம், 2 அங்குலம் மூன்றிலும் ஒரே சத்தம், ஒரே இறுக்கம். 2 அங்குலத்தில் இரண்டு கைக்கும் இடையில் ஒரு விரல்தான் போகும், பட்டையில் மூன்று விரல் போகிறது. இரண்டாவதுக்குக் கழுத்து நீளப் போல்றும் புஷ்ஷும் போட்டேன், இருவருக்கும் நன்றி. அது முதலாவதைவிட வடிவாக நிற்கிறது, மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன்.

மூன்றாவதை இன்னும் வெட்டவில்லை. அம்மாவின் தையல் பெட்டிக்குள் கிறீஸ் கையோடு நூல் தேடியதற்கு வாங்கிக் கட்டினேன், சொந்தமாக ஒரு நூல்கட்டை வாங்கும்வரை வேலை நிற்கும்.

சீமெந்து பிற்றர்:

மீன் தூண்டில் நூல் வாங்கும், அது தொங்காது.