ஃபார்ம்.டி முடித்த தங்கைக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் தங்கை ஃபார்ம்.டி (டாக்டர் ஆஃப் பார்மசி என்ற மருந்தியல் படிப்பு) முடித்திருக்கிறாள். ஐந்து வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருட இன்டர்ன்ஷிப். டாக்டர்களோடு வார்டு ரவுண்ட்ஸ் போய், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மருந்துகள் சேர்ந்து வந்திருக்கிறதா, கிட்னி பழுதானவருக்கு டோஸ் குறைக்கணுமா என்று பார்க்கிற வேலையில்தான் அவளுக்கு ஆசை.

ஆனால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று விசாரித்த இடத்திலெல்லாம் மருந்து கவுன்ட்டரில் நிற்கத்தான் கூப்பிடுகிறார்கள். சம்பளமும் டிப்ளமோ முடித்தவருக்குக் கொடுப்பதுதான். இந்தப் படிப்பு நம் நாட்டில் 2008-லேயே வந்துவிட்டது, எங்கள் சித்தப்பா இன்னமும் "மெடிக்கல் ஷாப் தானேம்மா?" என்கிறார்.

என்ஏபிஎச் (மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள பெரிய மருத்துவமனைகளில் இந்த வேலைக்கு மதிப்பு உண்டு என்கிறார்கள். நிஜமா? மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கிற பார்மகோவிஜிலன்ஸ் கம்பெனிக்குப் போனால் சம்பளம் பரவாயில்லை, ஆனால் நாள் முழுக்க கம்ப்யூட்டர். நோயாளி முகத்தையே பார்க்க முடியாது. திரும்ப வார்டுக்கு வர முடியுமா? துபாய் லைசென்ஸ் தேர்வுக்கு கவுன்ட்டர் அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்களா?

இந்தத் துறையில் இருக்கும் அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள். பெரம்பூர், ராயபுரம் பக்கம் கிளினிக்கல் வேலை காலி இருந்தாலும் சொல்லுங்கள். நைட் ஷிஃப்ட் என்றாலும் சரி, நான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன்.